0.19 மி.மீ. எங்கே போனது? கிராண்ட்பாஸ் பட்டறையொன்று செய்த மில்லிங் மெஷின்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பு கிராண்ட்பாஸில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிற சின்னப் பட்டறை இது. ஒரு லேத், நிலத்தில் நிற்கும் ஒரு ட்ரில்லிங் மெஷின், ஆர்க் வெல்டிங் செட், கிரைண்டர், அவ்வளவுதான். வேலை செய்வது மூன்று பேர்: முதலாளி, அவரோடு பல வருடமாக இருக்கும் வயதான பிட்டர் (எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்), தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த முதலாளியின் தங்கை மகன். மிளகாய், மா அரைக்கும் மெஷின்கள், தேங்காய் துருவும் மெஷின்கள், கடைக்காரர்களின் பொதி கட்டும் மெஷின்கள் என்று பழுதாகி வருபவைக்குப் புது தண்டு, புலி (பெல்ட் ஓடும் சக்கரம்), கப்ளிங் செய்து கொடுப்பதுதான் இவர்களுடைய பிழைப்பு. பெயரைப் போடவில்லை, அவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். அளவுக் கருவிகள் கொண்டுபோய் உதவியவன் என்ற முறையில் பெரும்பாலான கட்டங்களை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

தண்டை லேத்தில் கடைந்துவிடலாம். ஆனால் தண்டும் புலியும் ஒன்றாகச் சுழல வேண்டுமென்றால் தண்டில் கீவே, அதாவது கீ என்ற சின்ன இரும்புத் துண்டு உட்காரும் பள்ளம், வெட்ட வேண்டும், அதற்குச் சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் மில்லிங் மெஷின் வேண்டும். இவர்களிடம் அது இல்லாததால் ஒவ்வொரு தண்டும் வெளியே போய் வந்தது. சின்ன வேலை என்பதால் பெரிய பட்டறைகளில் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் இடம். மிளகாய் மெஷின் நின்றுபோன கடைக்காரருக்கு அது தெரியாது, அவர் இவர்களைத்தான் பிடிப்பார்.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மெஷின் ஒன்றை வாங்கும் யோசனை முன்பு இருந்தது. 2022இல் அது முடிந்துபோனது. மார்ச்சில் ரூபாயின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட்ட பிறகு, 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியது, அதே காலத்தில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த மணி நேரங்களில்தான் நாமே செய்தால் என்ன என்ற பேச்சு வலுத்தது.

அதற்கு முன் ட்ரில்லிங் மெஷினிலேயே எண்ட் மில் என்ற மில்லிங் கட்டரை மாட்டிப் பார்த்திருந்தார்கள். பக்கவாட்டு விசை வந்ததும் கட்டரைப் பிடித்திருந்த சக் அதன் கூம்பிலிருந்து கழன்று விழுந்தது. ட்ரில்லிங் மெஷினின் கூம்பு மேலிருந்து கீழே அழுத்துவதற்கு மட்டும்தான். பக்கத்திலிருந்து அதிர்ந்தால் பிடி விட்டுவிடும், கட்டரை மேலே இழுத்துப் பிடிக்கும் போல்ட்டும் அதில் கிடையாது. இதை இன்னும் பல பட்டறைகளில் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

முதல் வடிவம்

எல்லாம் கையில் கிடைத்ததை வைத்துத்தான். 100×100 மி.மீ., 6 மி.மீ. சுவர் கொண்ட சதுரக் குழாய் ஒன்றைத் தூணாக நிறுத்தினார்கள். கீழே 10 மி.மீ. தகடு. தூண் பின்னால், அதே தகட்டின் முன்பகுதியில் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கிய, இரண்டு பக்கமும் நகரும் வார்ப்பிரும்பு மேசை. தூணில் ஏறி இறங்கும் தலை, அதில் கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில். குழாயும் தகடும் பழைய சோனகத் தெருவில் வாங்கியவை, பெயாரிங் பஞ்சிகாவத்தையில்.

ஸ்பிண்டிலை மட்டும் முதலிலிருந்தே சரியாகச் செய்தார்கள், அதற்கான பாராட்டு பாஸுக்குத்தான் போக வேண்டும். 32008 இலக்கக் கூம்பு உருளை பெயாரிங் இரண்டு, அதாவது உள்விட்டம் 40, வெளிவிட்டம் 68 மி.மீ. கட்டரைப் பிடிக்க ஈஆர்32 கொலெட், அதன் நட்டுக்கு 40 மி.மீ. விட்டத்தில் 1.5 மி.மீ. புரி. கொலெட் உட்காரும் 8 பாகைக் கூம்பை அவர் கடைசிக்குத்தான் விட்டுவைத்தார். ஸ்பிண்டிலை அதன் சொந்தப் பெயாரிங்கில் பூட்டி, லூஸ் இல்லாதபடி நட்டை இறுக்கி முன்னழுத்தம் கொடுத்து, முழுக் கூட்டையும் லேத் படுக்கையில் கட்டி, சொந்தப் பெயாரிங்கிலேயே சுழலவிட்டு, அதன் பிறகுதான் உள்கூம்பை வெட்டினார். பெயாரிங்கின் மையமும் கூம்பின் மையமும் ஒன்றாக அமைய இதைவிட நம்பகமான வழி சின்னப் பட்டறையில் எனக்குத் தெரியாது. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்தபோது கூம்பில் ஆட்டம் 0.01 மி.மீ. அளவில் இருந்தது.

மோட்டார், 1.5 குதிரைவலுவில் மூன்று கட்ட பழைய மோட்டார் ஒன்று. பட்டறையில் ஒற்றைக் கட்ட 230 வோல்ட் மட்டும்தான் என்பதால் நடுவில் ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, வி.எஃப்.டி. என்பார்களே அது.

மருமகனுக்கு நேராக, கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சிக்குப் போக ஆசை. ஸ்டெப்பர் மோட்டார், பால் ஸ்க்ரூ எல்லாம் விலை பார்த்து வைத்திருந்தார். முதலாளி தள்ளிவைத்தார்: "கையால சுத்தும்போதே ஒழுங்கா வெட்டாத மெஷின், கம்ப்யூட்டர் சுத்தினா மட்டும் வெட்டுமா?" இந்த முழு வேலையிலும் பணத்தை மிச்சப்படுத்திய முடிவுகளில் முதலாவது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கவனித்தது

அலுமினியத்தில் பரவாயில்லாமல் ஓடியது. இரும்பில் 1 மி.மீ. ஆழம் வைத்தவுடனே கிரீச்சென்று சத்தம், தூண் முழுவதும் நடுக்கம், வெட்டிய பரப்பில் வரிவரியாக அலை. 30 மி.மீ. தண்டுக்கு வழக்கமான கீ 8 மி.மீ. அகலம், தண்டில் ஆழம் 4 மி.மீ. இவர்கள் வெட்டிய கீவே 8.3 வரை விரிந்திருந்தது, சுவர்களும் நேராக இல்லை. அதில் போட்ட கீ கையாலேயே ஆடியது. அப்படி ஒரு தண்டை அரைக்கும் மெஷினில் மாட்டினால், ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கீ அடி வாங்கி, கீவேயே நசுங்கிவிடும்.

இதோடு மோட்டாரும் கொஞ்சம் அழுத்தினால் நின்றுபோனது. மோட்டார் வலு போதாது, 2 குதிரைவலு வாங்குவோம் என்றார்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பார்த்தால் 230/400 வோல்ட், டெல்டா/ஸ்டார் என்று இருந்தது, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்களை 230க்கு டெல்டா என்ற விதத்திலும் 400க்கு ஸ்டார் என்ற விதத்திலும் இணைக்க வேண்டும். முன்பு 400 வோல்ட்டில் ஓடிய மோட்டார், அதனால் உள்ளே இணைப்பு ஸ்டாரில் கிடந்தது. வி.எஃப்.டி. கொடுப்பது 230 மட்டுமே. ஸ்டாரில் விட்டால் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைக்கும் மின்னழுத்தம் 1.73 மடங்கு குறையும், சுழல்விசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். இணைப்புப் பெட்டியைத் திறந்து செப்புப் பட்டிகளை டெல்டாவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான், மோட்டார் நிற்பது நின்றது. நடுக்கம் அப்படியே இருந்தது.

அளந்து பார்த்தது

இந்தக் கட்டத்தில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். "மாமா, தூணைப் பெருசா போடுவோம்" என்றார் மருமகன். முதலாளி குழாய்க்குள் கொங்கிரீட் நிரப்பச் சொன்னார். பாஸ் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் ஸ்பிண்டிலைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, எது அசையுதுன்னு தெரியாம எதையும் வெட்டாதீங்க" என்றார்.

அதனால் அளந்தோம். வில் தராசு ஒன்றைக் கொளுவி ஸ்பிண்டில் நுனியை முன்பக்கமாக 20 கிலோ இழுவையில், அதாவது சுமார் 200 நியூட்டன் விசையில் இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு இடத்திலும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். டயல் கேஜின் காந்தக் காலை நிலத்தில் வைக்கக் கூடாது, மெஷினின் மேசையில்தான் வைக்க வேண்டும். நிலத்தில் வைத்தால் முழு மெஷினும் ஆடுவது சேர்ந்து காட்டும். நமக்கு வேண்டியது கட்டருக்கும் வெட்டப்படும் துண்டுக்கும் இடையில் எவ்வளவு விலகுகிறது என்பது மட்டும்தான்.

ஸ்பிண்டில் நுனியில் மொத்தம் 0.19 மி.மீ. வந்தது.

குழாய் தனியாக எவ்வளவு வளையும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடியில் பிடித்து நிறுத்திய 500 மி.மீ. உயரத் தூணின் உச்சியில் 200 நியூட்டன் என்றால், இந்த 100×100×6 குழாய்க்கு வளைவு 0.012 மி.மீ. வருகிறது. அதாவது எல்லோரும் மாற்றச் சொன்ன அந்தத் தூண், 0.19இல் 0.01 மட்டும்தான் கொடுத்திருக்கிறது. 150×150×8 குழாய் போட்டால் தூண் நாலரை மடங்கு விறைப்பாகும் என்பது உண்மை. ஆனால் 0.01 மி.மீ. என்ற பங்கைக் குறைத்து என்ன பிரயோசனம்?

மீதி எங்கே? டயல் கேஜின் முனையை அடித்தட்டில், தூணின் காலடியில் வைத்தபோது தெரிந்தது. இழுக்கும்போது தூணின் பின்கால், முன்காலோடு ஒப்பிட்டால், 0.02 மி.மீ. எழும்பியது. கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் தூணின் அகலம் 100 மி.மீ., அதில் 0.02 சாய்ந்தால் 500 மி.மீ. உயரத்தில் அது 0.10 ஆகிவிடும். பாதிக்கு மேல் இங்கேயே போய்விட்டது. தலை தூணில் சறுக்கும் இடத்தில் இன்னொரு 0.06, ஸ்பிண்டில் பெயாரிங்கில் 0.02. எல்லாவற்றையும் கூட்டினால் 0.19 சரியாக வருகிறது. அன்றைக்கு அந்தக் கூட்டல் பொருந்தியதும் பட்டறையில் விவாதம் அடங்கிவிட்டது, யாரும் யாரையும் ஒத்துக்கொள்ள வைக்க வேண்டியிருக்கவில்லை.

எடுத்த முடிவுகள், ஏன்

முதலில் அடித்தட்டு. தகட்டின் விறைப்பு தடிப்பின் மூன்றாம் மடியாக ஏறும், 10இலிருந்து 25 மி.மீ.க்குப் போனால் 2.5×2.5×2.5, பதினைந்து மடங்குக்கு மேல். தூணுக்குக் கைவைக்காமல் 25 மி.மீ. தகடு, தூணின் பின்னாலும் பக்கங்களிலும் முக்கோணத் தாங்கிகள். பெரிய தூணின் விலையோடு பார்த்தால் இது குறைவு.

தடித்த தகட்டில் வெல்டிங் செய்தால் ஆறும்போது இழுத்து வளைத்துவிடும், அது எல்லோருக்கும் தெரியும். சுமார் 600 பாகை செல்சியஸில் உலையில் வைத்து உள்ளழுத்தத்தை எடுப்பதுதான் முறை, அந்த அளவுக்கு உலை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே பாஸ் ஒரே இடத்தில் தொடர்ந்து பற்றவைக்காமல், எதிரெதிர் மூலைகளில் சின்னச் சின்னத் துண்டாகப் பற்றவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறவிட்டார். முழுதும் முடிந்த பிறகு இந்தக் கூட்டை லொறியில் ஏற்றி ஒரு பெரிய பட்டறைக்கு அனுப்பி, மேசை உட்காரும் பரப்பையும் தலை சறுக்கும் பரப்பையும் ஒரே பிடியில், கழற்றி மாட்டாமல், இயந்திரத்தில் சீவி வாங்கினார்கள். முதலாளிக்கு அந்தச் செலவு உறுத்தியது, மில்லிங் மெஷின் செய்ய இன்னொருவரின் மெஷினுக்குக் காசு கொடுப்பதா என்று. ஆனால் இரண்டு பரப்புகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வருவதை அரம் வைத்துத் தேய்த்துக் கொண்டுவர மாதக்கணக்காகும். முழு மெஷினிலும் கட்டாயம் காசு கொடுத்துச் செய்விக்க வேண்டியது இது ஒன்றுதான், இதில் மட்டும் கையைச் சுருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சறுக்கும் தலைக்குப் பித்தளையில் புதிய கிப் பட்டி, சறுக்கும் இடத்தின் லூஸை எடுக்கும் பட்டி அது. நீல மை பூசி, சறுக்கவிட்டு, மை ஒட்டும் மேடுகளை மட்டும் சுரண்டி எடுத்து, மறுபடி மை. இந்த வேலையை பாஸ் மருமகனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். அதோடு தலையை வைத்த உயரத்தில் இறுக்கிப் பூட்டுகிற இரண்டு போல்ட்.

பெயாரிங் முன்னழுத்தத்தைக் கூட்டியபோது ஒரு சிக்கல் வந்தது. கொஞ்சம் அதிகமாக இறுக்கியதில் அரை மணி நேர ஓட்டத்திலேயே கை வைக்க முடியாத சூடு. நட்டைச் சற்றுத் தளர்த்தி, ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் கையை வைத்துக்கொண்டே இருக்கக்கூடிய சூட்டில் நிறுத்தினார்கள்.

கடைசியில் முதலாளி சொன்ன கொங்கிரீட்டும் இடம் பிடித்தது, வேறு காரணத்துக்காக. குழாயை நிரப்புவதால் விறைப்பு பெரிதாக ஏறாது, ஆனால் நடுக்கம் சீக்கிரம் அடங்கும். சாதாரண கொங்கிரீட் காயும்போது சுருங்கிச் சுவரை விட்டு விலகிவிடும் என்பதால் சுருங்காத கிரவுட் என்ற சீமெந்துக் கலவை வாங்கி ஊற்றினார்கள். முன்பு தூணைச் சுத்தியலால் தட்டினால் கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும். பிறகு சத்தம் உடனே செத்துப்போனது.

மறுபடி 20 கிலோ இழுவை: 0.05 மி.மீ.

இடையில் நடந்த ஆபத்து

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஒருவருக்குக் கண் போயிருக்கலாம்.

மேசையை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் 0.25 மி.மீ. லூஸ் இருந்தது. ஒரு நாள் மருமகன், கட்டர் பற்கள் சுழலும் திசையிலேயே துண்டைத் தள்ளினார். பெரிய சிஎன்சி மெஷின்களில் அப்படி வெட்டுவதுதான் வழக்கம், பரப்பும் நன்றாக வரும், அவர் வீடியோக்களில் பார்த்ததும் அதுதான். ஆனால் ஸ்க்ரூவில் லூஸ் இருக்கும்போது கட்டரே துண்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கும், மேசை அந்த 0.25ஐ ஒரே பாய்ச்சலில் தாண்டும், பல்லுக்குத் தாங்க முடியாத கனம் வரும். 10 மி.மீ. கட்டர் நடுவில் முறிந்து பறந்தது. கண்ணாடி போட்டிருந்தார், நேரெதிரே நிற்கவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து அந்த மெஷினில் எப்போதும் பற்களுக்கு எதிராகத்தான் தள்ள வேண்டும் என்பது சட்டம், தூணிலேயே பெயின்டால் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். பிறகு வெண்கலத்தில் இரட்டை நட் செய்து லூஸை 0.06க்குக் கொண்டுவந்தார்கள், அப்படியும் சட்டத்தை மாற்றவில்லை. கட்டருக்கு முன்னால் தடித்த பிளாஸ்டிக் தடுப்பும், கைக்கெட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்து பொத்தானும் இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் வந்தன. அவை முதல் நாளே இருந்திருக்க வேண்டும்.

மின்சாரத்திலும் ஒரு விஷயம். வி.எஃப்.டி. போட்டதும் பட்டறையின் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தது. வந்து பார்த்த ஒருவர், அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிடலாம் என்றார். முதலாளி மறுத்துவிட்டார், அது மிகச் சரி. இந்தப் பெட்டிகள் உள்ளே இருக்கும் வடிகட்டி வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை நிலத்துக்குக் கசியவிடும், 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் அதைக் கண்டு விழுகிறது. வேறொரு மின்னியலாளர் மெஷினுக்குத் தனி இணைப்பு இழுத்து, வி.எஃப்.டி.யின் கையேடு சொல்லும் வகை ட்ரிப் சுவிட்ச் போட்டு, மோட்டார், தூண், பெட்டி எல்லாவற்றுக்கும் எர்த் கொடுத்தார். உலோகத் தூளும் எண்ணெயும் ஈரமும் கலந்த இடத்தில் ட்ரிப் சுவிட்சைக் கழற்றுவது பற்றிப் பேசவே கூடாது. அதோடு, சுவிட்சை அணைத்த பிறகும் பெட்டிக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், மூடியைத் திறப்பதற்கு முன் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும்.

விளைவு

இப்போது 8 மி.மீ. இரண்டு பல் கட்டரை நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓட்டுகிறார்கள். அது நிமிடத்துக்கு 25 மீற்றர் வெட்டு வேகம், சாதாரண இரும்பில் ஹைஸ்பீட் ஸ்டீல் கட்டருக்குப் பொருத்தமானது. ஆழம் ஒரு தடவைக்கு அரை மி.மீ. முதலில் 7 மி.மீ. கட்டரால் கீவேயைத் திறந்து, கடைசியில் 8ஐ ஓட்டுகிறார்கள். அகலம் 8.02க்குள் நிற்கிறது, கீயைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து அரத்தால் ஒத்திப் பொருத்துகிறார்கள், ஆடுவதில்லை. கீவேக்காக எந்தத் தண்டும் இப்போது வெளியே போவதில்லை. பெரிய தட்டையான பரப்புகளை இதில் சீவ அவர்கள் முயல்வதில்லை, அது இந்த மெஷினின் வேலையல்ல.

வேகத்தை வி.எஃப்.டி.யில் மட்டும் குறைத்து ஓட்டிய காலத்தில் மோட்டார் சூடேறியது. மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது, சுற்று குறைந்தால் காற்றும் குறையும், வலுவும் குறையும். மூன்று படிப் புலி வைத்து, பெரிய மாற்றத்தைப் பெல்ட்டிலும் சின்ன மாற்றத்தை வி.எஃப்.டி.யிலும் செய்கிறார்கள். மேசையின் இரண்டு திசைக்கும் டிஜிட்டல் வேர்னியர் பட்டி பூட்டியதும் ஸ்க்ரூவின் லூஸ் அளவைக் கெடுப்பது நின்றது, ஏனென்றால் பட்டி பார்ப்பது மேசையை, கைப்பிடியை அல்ல.

துரு ஒரு தொல்லையாகவே இருக்கிறது. கடல் பக்கம், உப்புக் காற்று. சனிக்கிழமை மாலை துடைத்து எண்ணெய் போடாமல் போனால் திங்கள் காலை மேசையில் செம்மண் நிறம் படிந்திருக்கும்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவார்கள்

மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்.

பாஸ் சொன்னது: மேசையை முதலில் வாங்கி, அதைத் திறந்து தேய்மானம் பார்த்து, பிறகு மற்றதெல்லாம் அதற்கேற்ப. இவர்கள் வாங்கிய மேசையின் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது, நடுவில் சரியாக இறுக்கினால் ஓரங்களில் சிக்குகிறது.

மருமகன் சொன்னது: பாகங்களை ஒவ்வொன்றாகப் பூட்டும்போதே இழுத்து அளக்க வேண்டும். அடித்தட்டில் தூணை நிறுத்திய அன்றே 20 கிலோவும் டயல் கேஜும் வைத்திருந்தால் அந்த 10 மி.மீ. தகட்டுக்கு மேல் எதுவும் ஏறியிருக்காது. சிஎன்சி ஆசையை அவர் விடவில்லை, ஆனால் பால் ஸ்க்ரூவுக்கு முன்னால் தேய்ந்த அந்த மேசையைச் சீவிக் கொண்டுவர வேண்டும் என்கிறார்.

முதலாளிக்கு ஒன்றே ஒன்று: ஸ்பிண்டில் தூணிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் தூரம். பெரிய துண்டும் வைக்கலாமே என்று தாராளமாக விட்டார்கள், வரும் வேலையில் பெரும்பாலானது 30, 40 மி.மீ. தண்டுகள். அந்த நீட்டத்தைக் குறைக்கத் தலைக்குப் புதிய தகடு வெட்டி வைத்திருக்கிறார், அரைக்கும் மெஷின் வேலைகள் குறையும் ஒரு வாரத்தில் மாற்றப் போகிறார்கள். மாற்றிய பிறகு அதே தராசைக் கொளுவி மறுபடி அளப்பதாகப் பேசியிருக்கிறோம்.